மாசமாக இருக்கும்போது முட்டை மேல் ஆசை: எப்படிச் சாப்பிட்டால் பயமில்லை?

கர்ப்பிணிகளும் அவர்களுடைய அம்மா, மாமியார், கணவர்களும் முட்டையைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை ஒரே இடத்தில் வைத்துவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நம் வீடுகளில் நன்றாக வெந்த முட்டையைப் பார்த்து "சூடு, வேண்டாம்மா" என்று தட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள். அதே வீட்டில் பச்சை முட்டையைப் பாலில் அடித்து "பலம், குடி" என்று டம்ளரை நீட்டுவார்கள். இரண்டுமே பாசத்தில் செய்வதுதான், ஆனால் இரண்டும் தலைகீழாக இருக்கிறது. பயப்பட வேண்டியது வேகாத முட்டைக்கு, வெந்த முட்டைக்கு இல்லை.

கர்ப்பமா இருக்கும்போது முட்டை சாப்பிடலாமா, கூடாதா?

சாப்பிடலாம். முட்டை ஒவ்வாமை இல்லாதவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம், நல்லதும்கூட. சுமார் 50 கிராம் எடையுள்ள ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வழக்கமாகத் தேவைப்படும் புரதத்துக்கு மேல் நடு மூன்று மாதங்களில் நாளுக்கு 9.5 கிராமும் கடைசி மூன்று மாதங்களில் 22 கிராமும் கூடுதலாக வேண்டும். காலையில் இட்லி, மதியம் ரசம் சாதம், ராத்திரி தோசை என்று ஓடும் வீட்டில் இந்தக் கூடுதல் புரதம் எங்கிருந்து வரும்? பருப்பும் சுண்டலும் தயிரும் கொஞ்சம் தரும், மீதியை ஒன்றிரண்டு முட்டை சுலபமாகத் தந்துவிடும். விலையும் கட்டுப்படியாகும்.

அப்புறம் கோலின் என்று ஒரு சத்து. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாக இது வேண்டும். கர்ப்பிணிக்கு நாளுக்கு 450 மில்லிகிராம் என்று அமெரிக்காவில் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு முட்டையின் மஞ்சள் கருவிலேயே கிட்டத்தட்ட 150 மில்லிகிராம் இருக்கிறது. அதனால்தான் வெள்ளையை மட்டும் சாப்பிட்டுவிட்டு மஞ்சளைக் குப்பையில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு தாங்காது. கோலின், பி12, டி வைட்டமின் எல்லாம் பெரும்பாலும் அந்த மஞ்சளில்தான் இருக்கிறது.

முட்டை முட்டைன்னே தோணுது. உடம்புல ஏதாவது குறையா?

அப்படிச் சொல்ல முடியாது. கர்ப்பத்தில் ஹார்மோன் மாற்றத்தால் வாசனையும் ருசியும் மாறும். ஒருத்திக்கு மாங்காய், இன்னொருத்திக்கு மீன் குழம்பு, உங்களுக்கு முட்டை, அவ்வளவுதான். குறிப்பிட்ட ஒரு சத்து குறைந்ததால்தான் குறிப்பிட்ட ஒரு பண்டத்தின் மேல் ஆசை வருகிறது என்பதற்குத் தெளிவான ஆதாரம் கிடையாது.

ஆனால் பச்சரிசி, சாம்பல், மண், சாக்பீஸ், திருநீறு இவற்றைத் தின்ன வேண்டும் என்று ஆசை வந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடமோ செவிலியரிடமோ சொல்லிவிடுங்கள். இரத்தசோகையோடு அது சேர்ந்து வருவது சகஜம், ஒரு ஹீமோகுளோபின் பரிசோதனையில் தெரிந்துவிடும். பச்சை முட்டை ஓட்டைப் பொடி செய்து கால்சியத்துக்காகச் சாப்பிடுவதும் வேண்டாம், ஓட்டின் மேல் இருக்கும் கிருமியும் சேர்ந்து உள்ளே போகும். நாலாவது மாதத்திலிருந்து சுகாதார நிலையத்திலேயே கால்சியம் மாத்திரை தருகிறார்கள்.

எனக்கு ஆஃபாயில்தான் வேணும். ஒண்ணே ஒண்ணு சாப்பிட்டா என்ன ஆகிடும்?

அதிகம் வரும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

சால்மொனெல்லா என்ற கிருமி முட்டைக்குள் இரண்டு வழியில் வருகிறது. கோழியின் எச்சம் ஓட்டில் பட்டு, ஓட்டிலுள்ள நுண்துளைகள் வழியாகவோ உடைக்கும்போதோ உள்ளே போவது ஒரு வழி. கோழியின் சினைப்பையிலேயே கிருமி இருந்து, ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் வந்துவிடுவது இன்னொரு வழி. இரண்டாவது வகையில் ஓடு பளபளவென்று சுத்தமாக இருக்கும், உடைத்தால் வாடை வராது, நிறம் மாறியிருக்காது. பார்த்து, முகர்ந்து கண்டுபிடிக்க வழியே இல்லை. ஆஃபாயிலில் மஞ்சள் கரு ஓடுகிறது என்றாலே கிருமி சாகும் அளவுக்குச் சூடு அதன் நடுவுக்குப் போகவில்லை என்றுதான் அர்த்தம். முட்டை சேர்த்த உணவு உள்ளே வரைக்கும் 71 டிகிரி செல்சியஸ் சூடாக வேண்டும் என்பது கணக்கு.

ஒரே ஒரு ஆஃபாயிலில் கிருமி இருக்கும் வாய்ப்பு குறைவுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இருந்துவிட்டால் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வாந்தி, வயிற்றுப்பிடிப்பு என்று நாலைந்து நாள் படுத்தும். சாதாரணமாக இருக்கும் ஒருவருக்கு அது கஷ்டம், கர்ப்பிணிக்கு அது ஆபத்தாகலாம். நீர்ச்சத்து குறைந்தால் கருப்பை இறுகத் தொடங்கலாம், கடும் காய்ச்சல் குழந்தைக்கு நல்லதில்லை, அபூர்வமாகக் கிருமி இரத்தத்தில் கலந்து குழந்தை வரைக்கும் போவதும் உண்டு. அடுப்பில் இன்னும் இரண்டு நிமிடம் வைத்தால் தவிர்த்துவிடக்கூடிய ஒன்றுக்காக அந்தச் சின்ன வாய்ப்பைக்கூட எடுக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

சரி, ஆனா ஆசை போகலையே. ஆஃபாயில் மாதிரி வேற ஏதாவது?

இருக்கிறது. ஆஃபாயிலில் நம்மை இழுப்பது அந்தக் கொழகொழப்பும், நெய் போன்ற வழவழப்பும், மேலே தூவிய மிளகின் காரமும்தான். முட்டையை முழுசாக வேகவைத்த பிறகும் இவற்றைக் கொண்டுவரலாம்.

முதலில் ஃபுல்பாயில். தோசைக்கல்லை மிதமான தீயில் வைத்து, கொஞ்சம் எண்ணெய் விட்டு, முட்டையை மஞ்சள் உடையாமல் ஊற்றுங்கள். வெள்ளை ஓரம் பிடித்ததும் முட்டைக்குப் பக்கத்தில், கல்லின் மேல், ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டு உடனே மூடிவிடுங்கள். ஆவி மேலிருந்தும் வேகவைக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் மஞ்சளின் மேல் வெள்ளையாக ஒரு படலம் படரும். அப்போது திருப்பிப் போட்டு இன்னொரு நிமிடம். தோசைத்திருப்பியின் முனையால் மஞ்சளின் நடுவே அழுத்திப் பாருங்கள், ததும்பினால் இன்னும் வேகவில்லை. கீறிப் பார்த்தால் மஞ்சள் ஓடாமல் மாவு போலப் பிரிய வேண்டும். பெரிய தீயில் செய்தால் ஓரம் கருகி நடு பச்சையாகவே நிற்கும், அதனால் அவசரப்படாதீர்கள்.

இரண்டாவது, எனக்கு ரொம்பப் பிடித்தது. நன்றாக வெந்த முட்டையைச் சூட்டோடு உரித்து, மஞ்சளை மட்டும் கிண்ணத்தில் எடுத்து, அரை ஸ்பூன் நெய், ஒரு ஸ்பூன் கொதிக்கும் பால், உப்பு, அப்போதே இடித்த மிளகு சேர்த்து ஸ்பூனின் பின்பக்கத்தால் மசியுங்கள். முதலில் திரிதிரியாக இருக்கும், விடாமல் மசித்தால் வெண்ணெய் பதத்துக்கு வந்துவிடும். வெள்ளைக் கருவைப் பொடியாக நறுக்கிச் சூடான சாதத்தில் போட்டு, மேலே இதை வழித்துவிட்டுப் பிசைந்து சாப்பிட்டுப் பாருங்கள். ஆஃபாயிலைச் சாதத்தில் உடைத்துவிட்டுச் சாப்பிடும் அந்த ருசி முக்கால்வாசி கிடைத்துவிடும். ஆறவிட்டால் இறுகிவிடும், அதனால் சூட்டோடு.

கலக்கி, கரண்டி ஆம்லெட், முட்டை தோசை, கொத்து பரோட்டா?

கலக்கி வேண்டாம். கோயம்புத்தூர், ஈரோடு பக்கம் கலக்கி என்றாலே உள்ளே சளசளவென்று இருக்க வேண்டும், முழுசாக வெந்தால் அது கலக்கியே இல்லை. ஆசையாக இருந்தால் அதே சால்னாவையும் மிளகையும் சேர்த்து வீட்டில் பொடிமாஸாகக் கிளறிக்கொள்ளுங்கள், தண்ணீராக எதுவும் தெரியாத வரைக்கும்.

கரண்டி ஆம்லெட் பந்து மாதிரி உப்பி வரும், வெளியே சிவந்திருந்தாலும் நடுவில் பச்சையாக நிற்கலாம். இரண்டாகப் பிட்டு, நடுவைப் பார்த்துவிட்டுச் சாப்பிடுங்கள். முட்டை தோசையைத் திருப்பிப் போட்டே எடுக்கச் சொல்லுங்கள், ஒரு பக்கம் மட்டும் வெந்த முட்டை மேலே ஈரமாகவே இருக்கும். கொத்து பரோட்டாவில் முட்டையைச் சூடான கல்லில் போட்டுக் கொத்திக்கொண்டே இருப்பதால் நன்றாக வெந்துவிடுகிறது, அந்த வகையில் பயமில்லை. ஆனால் கூட வரும் நறுக்கிய வெங்காயமும், மணிக்கணக்காகத் திறந்தே கிடக்கும் தயிர்ப் பச்சடியும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

முட்டையை எத்தனை நிமிஷம் வேக வைக்கணும்?

கொதிக்கிற தண்ணீரில் போட்டு 10 முதல் 12 நிமிடம். ஃபிரிட்ஜிலிருந்து நேராக எடுத்தது என்றால் 12 என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாத்து முட்டை பெரியது, கூடுதலாக இரண்டு மூன்று நிமிடம் வேண்டும். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். 2,000 மீட்டருக்கு மேலே தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும், பார்க்க தளதளவென்று கொதித்தாலும் சூடு குறைவு.

ரொம்ப நேரம் வெந்த முட்டையில் மஞ்சளைச் சுற்றிப் பச்சையும் சாம்பலுமாக ஒரு வளையம் தெரியும். மஞ்சளிலுள்ள இரும்பும் வெள்ளையிலுள்ள கந்தகமும் சேர்ந்து வருவது அது. கெட்டுப்போனதாக நினைத்துத் தூக்கிப் போடாதீர்கள், சாப்பிடலாம். வெந்ததும் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் அந்த வளையம் அவ்வளவாக வராது, உரிக்கவும் வசதி.

ஷவர்மா, மயோனைஸ்?

கடை மயோனைஸ் கூடவே கூடாது. இந்தப் பட்டியலிலேயே நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான், ஆஃபாயிலைவிடவும். ஆஃபாயில் ஒரு முட்டை, அரைகுறையாகவாவது வெந்தது, உடனே சாப்பிடுவது. மயோனைஸ் பல பச்சை முட்டைகளை எண்ணெயோடு மிக்ஸியில் அடித்தது. அதில் ஒரு முட்டையில் கிருமி இருந்தாலும் டப்பா முழுக்கப் பரவிவிடும், அப்புறம் அந்த டப்பா அடுப்புப் பக்கத்தில் சாயங்காலத்திலிருந்து ராத்திரி வரைக்கும் அந்தச் சூட்டிலேயே நிற்கும். கிருமி பெருக இதைவிட வசதியான இடம் கிடையாது.

இது வீண் பயம் இல்லை. பச்சை முட்டை மயோனைஸைக் கேரளா 2023 ஜனவரியில் தடை செய்தது, தெலங்கானா 2024 அக்டோபரில் தடை செய்தது, தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. தடை இருக்கிறதா இல்லையா என்பதைப் பார்த்து நீங்கள் முடிவு செய்ய வேண்டாம், குழந்தை பிறக்கும் வரைக்கும் தள்ளுவண்டி மயோனைஸ் பக்கமே போக வேண்டாம்.

ஆசையாக இருந்தால் பச்சைப் புள்ளி போட்ட, முட்டை இல்லாத பாட்டில் மயோனைஸ் வாங்கிக்கொள்ளுங்கள். திறந்த பிறகு ஃபிரிட்ஜில் வையுங்கள். அதில் வெந்த முட்டையை நறுக்கிப் போட்டுப் பிரெட்டில் வைத்துச் சாப்பிடலாம், செய்த உடனே. கண்ணாடிப் பெட்டிக்குள் முன்கூட்டியே செய்து அடுக்கி வைத்திருக்கும் முட்டை சாண்ட்விச் வேண்டாம், அதில் லிஸ்டீரியா என்ற இன்னொரு கிருமி வரலாம். அந்தக் கிருமி ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரும், கருச்சிதைவு வரைக்கும் கொண்டுபோகக்கூடியது.

பச்சை முட்டை சேரும் மூஸ், டிராமிசு மாதிரி இனிப்புகள், வீட்டில் அடித்த ஐஸ்கிரீம், வழித்துச் சாப்பிடும் கேக் மாவு இவற்றுக்கும் இதே பதில்தான். வெந்த கேக் சாப்பிடலாம்.

பாட்டி பச்சை முட்டையைப் பால்ல அடிச்சுக் குடுக்குறாங்க. சூடான பால்தானே?

பாட்டிக்கு ஒரு காரணம் இருக்கிறது. பெண் வயசுக்கு வந்ததும் நாட்டுக்கோழி முட்டையை உடைத்து வாயில் ஊற்றி, பின்னாலேயே நல்லெண்ணெய் கொடுத்துப் பழகிய வீடு. அதே நம்பிக்கையில்தான் இப்போதும் கொடுக்கிறார். ஆனால் குடிக்கிற சூட்டில் இருக்கும் பால் முட்டையை வேகவைக்காது. முட்டை சேர்ந்ததும் பாலின் சூடு இன்னும் இறங்கிவிடும்.

பலம் என்ற கணக்கிலும் பச்சை முட்டை தோற்றுத்தான் போகிறது. வெந்த முட்டையின் புரதத்தில் பத்தில் ஒன்பது பங்கு உடம்பில் சேருகிறது, பச்சையாகக் குடித்தால் கிட்டத்தட்ட பாதிதான் சேருகிறது. போதாததற்குப் பச்சை வெள்ளைக் கருவில் அவிடின் என்ற புரதம் இருக்கிறது. அது பயோட்டின் என்ற வைட்டமினைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது, வெந்தால் அந்த வேலை அதற்கு ஓடாது. பாட்டியிடம் சண்டை போட வேண்டாம். "டாக்டர் வேகவெச்சு சாப்பிடச் சொன்னாங்க பாட்டி, அப்பதான் சத்து முழுசா ஒட்டுமாம்" என்று சொல்லிப் பாருங்கள். அது உண்மைதான், பாட்டிக்கும் நிம்மதி.

பாலும் முட்டையும் சேர்த்தே வேண்டும் என்றால், பாலில் முட்டையையும் சர்க்கரையையும் அடித்துக் கலந்து, சின்னத் தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். கரண்டியின் பின்பக்கத்தில் கெட்டியாக ஒட்டி, விரலால் கோடு போட்டால் கோடு மூடாமல் நிற்கும் பதம் வந்த பிறகு இறக்குங்கள். ஏலக்காய் தட்டிப் போட்டால் வாசனையும் தெரியாது.

முட்டை சூடாமே? மூணு மாசத்துல சாப்பிட்டா கலைஞ்சிடுமாமே?

இல்லை. வெந்த முட்டை சாப்பிட்டதால் கரு கலைவதில்லை. முதல் மூன்று மாதங்களில் கலையும் கர்ப்பங்களில் பாதிக்கு மேல் கருவின் குரோமோசோமிலேயே இருக்கும் கோளாறால் நடப்பவை, தாய் என்ன சாப்பிட்டாள் என்பதால் இல்லை. இதை எழுதும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் குழந்தையை இழந்த பெண்ணிடம் "நீ அன்னிக்கு முட்டை சாப்பிட்டியே" என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்களிடம் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால், அது உங்கள் தவறு இல்லை.

சிலருக்கு முட்டை சாப்பிட்டதும் நெஞ்செரிச்சல் வரும். கர்ப்பத்தில் இரைப்பையின் வாய் தளர்ந்துவிடுவதால் எதைச் சாப்பிட்டாலும் வரக்கூடியது அது. ராத்திரி படுக்கும் முன் எண்ணெயில் பொரித்த ஆம்லெட்டுக்குப் பதில் காலையில் அவித்த முட்டை சாப்பிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஆசையா இருக்கு, ஆனா வேகும்போது வர்ற வாடையில குமட்டுது

மசக்கையில் இது சகஜம். வேகவைப்பதை வேறு யாராவது செய்யட்டும், ஜன்னலைத் திறந்து வைத்து. முட்டை அதிகம் வெந்தால்தான் அந்தக் கந்தக வாடை கூடும், 12 நிமிடத்துக்கு மேல் விட வேண்டாம். அவித்த முட்டையை ஃபிரிட்ஜில் வைத்துக் குளிர்ந்த பிறகு சாப்பிட்டால் வாடை குறைவாகத் தெரியும். எலுமிச்சை பிழிந்து மிளகு தூவிக்கொள்ளுங்கள். புளிக்குழம்பில் கொதித்த முட்டை பலருக்கும் ஒத்துக்கொள்கிறது, புளிப்பு குமட்டலை அடக்கிவிடும்போல. எதுவுமே முடியவில்லை என்றால் சில வாரம் விட்டுவிடுங்கள், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

ஒரு நாளைக்கு எத்தனை?

பெரும்பாலானவர்களுக்கு ஒன்று, இரண்டு சரி. அதற்கு மேல் ஆசை வரும் நாளும் இருக்கும், ஒரு நாள் மூன்று சாப்பிட்டால் கணக்கு போட்டுப் பயப்படாதீர்கள். ஏற்கெனவே கொலஸ்ட்ரால், இதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு, பித்தப்பைக் கல் இருப்பவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டு அளவு வைத்துக்கொள்ளுங்கள்.

75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரை 140-ஐத் தொட்டுவிட்டது என்று கலங்கிப்போய் இருப்பவர்களுக்கு முட்டை நல்ல துணை. அதில் மாவுச்சத்து ஒரு கிராம்கூட இல்லை. நாலு இட்லியை இரண்டாகக் குறைத்து, கூட இரண்டு முட்டை பொடிமாஸ் வைத்தால் பசியும் தாங்கும், சர்க்கரையும் சட்டென்று ஏறாது.

நாட்டுக்கோழி முட்டைன்னா ஆஃபாயில் போடலாமா?

கூடாது. ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது, சால்மொனெல்லாவுக்கு நாடு, பண்ணை என்ற பேதமெல்லாம் கிடையாது. வீட்டுக் கொல்லையில் மேய்ந்த கோழி என்றாலும் வேகவைத்தே சாப்பிடுங்கள். காடை முட்டைக்கும் அப்படித்தான். காடை முட்டை சின்னது, ஐந்து சேர்ந்தால்தான் ஒரு கோழி முட்டை.

வாங்கினதும் கழுவணுமா? ஃபிரிட்ஜா, வெளியவா?

வாங்கும்போதே கீறல் விட்டதை, எச்சம் அப்பியதை எடுத்துவிடுங்கள். வந்ததும் தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவி அடுக்குவது நல்ல பழக்கம் இல்லை. ஓட்டின் மேல் இயற்கையாக ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது, கழுவினால் அது போய்விடும், குளிர்ந்த தண்ணீர் பட்டால் மேலிருக்கும் அழுக்கு துளை வழியாக உள்ளே இழுக்கப்படவும் செய்யும். காய்ந்த துணியால் துடைத்து வையுங்கள், கழுவியே ஆக வேண்டும் என்றால் சமைக்கும் முன் கழுவுங்கள். நம் ஊர் வெயிலுக்கு ஃபிரிட்ஜ்தான் நல்லது, கதவில் இல்லாமல் உள்தட்டில். ஒருமுறை உள்ளே வைத்ததை வெளியே எடுத்து வியர்க்கவிட்டு மறுபடி உள்ளே வைக்காதீர்கள்.

தண்ணீரில் போட்டால் மிதக்கும் முட்டை பழசு. ஆனால் மூழ்கும் முட்டையில் கிருமி இல்லை என்று அர்த்தமில்லை, இந்தச் சோதனை வயதை மட்டும்தான் சொல்லும். முட்டை உடைத்த கையோடு கொத்தமல்லி கிள்ளிப் போடுவதுதான் எல்லாரும் மறந்துவிடும் விஷயம். சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

அவித்த முட்டை ஓட்டோடு ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். வெளியே இரண்டு மணி நேரம்தான், சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம். டிபன் பாக்ஸில் முட்டையோடு ஆபீஸ் போகிறவர்கள் கவனியுங்கள்.

பேக்கரி முட்டை பஃப்ஸ்?

சாயங்காலம் நாலு மணிக்கு டீயோடு முட்டை பஃப்ஸ் வேண்டும் என்று தோன்றாத கர்ப்பிணி குறைவு என்று நினைக்கிறேன். உள்ளே இருப்பது அவித்த முட்டை, அதற்கு மேல் அடுப்பிலும் வெந்தது, அதனால் முட்டை பிரச்சினையில்லை. எப்போது செய்தது என்பதுதான் பிரச்சினை. காலையில் போட்டதைச் சின்ன பல்பு எரியும் கண்ணாடிப் பெட்டியில் சாயங்காலம் வரைக்கும் வெதுவெதுப்பாகவே வைத்திருப்பார்கள், அந்தச் சூடு கிருமி வளரத்தான் உதவும். அடுப்பிலிருந்து இறக்கும் நேரம் கேட்டு வைத்துக்கொண்டு அப்போது போய்ச் சுடச்சுட வாங்குங்கள். டாஸ்மாக் பக்கத்துத் தள்ளுவண்டியோ ரயில் நிலையமோ, உரித்து ஈ மொய்க்க வைத்திருக்கும் அவித்த முட்டை வேண்டாம். ஓட்டோடு சூடாக எடுத்து உங்கள் முன்னால் உரித்துக் கொடுத்தால் சாப்பிடலாம்.

தெரியாம நேத்து ஆஃபாயில் சாப்பிட்டுட்டேன். பயமா இருக்கு

பயப்படாதீர்கள். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. வாந்தி எடுக்க முயற்சி செய்ய வேண்டாம், மாத்திரை எதுவும் போட வேண்டாம். கிருமி இருந்திருந்தால் 6 மணி நேரத்திலிருந்து 6 நாட்களுக்குள் தெரியும். வயிறு சும்மா இரண்டு தடவை போனால் ஓஆர்எஸ் கரைசல், இளநீர், கஞ்சி குடித்து நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால், மலத்தில் இரத்தம் வந்தால், குடித்ததெல்லாம் வாந்தியாக வந்தால், சிறுநீர் குறைந்து அடர் மஞ்சளாகப் போனால், வயிறு விட்டுவிட்டு இறுகினால், குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினால் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ராத்திரி என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். முட்டை சாப்பிட்டதையும் எப்போது சாப்பிட்டீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மருந்துக் கடையில் நீங்களாகவே வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையோ ஆன்டிபயாட்டிக்கோ வாங்கிப் போடாதீர்கள்.

இரும்புச்சத்து மாத்திரையை முட்டையோட போடலாமா?

வேண்டாம். முட்டையில் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான இரும்புதான் இருக்கிறது, மஞ்சள் கருவிலுள்ள ஒரு புரதம் இரும்பு உடம்பில் சேருவதையும் கொஞ்சம் தடுக்கிறது. இரத்தசோகைக்கு முட்டை மருந்து இல்லை. மாத்திரையை முட்டை, டீ, காபி, கால்சியம் மாத்திரை எல்லாவற்றிலிருந்தும் இரண்டு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள், கூட எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ இருந்தால் நல்லது.

லண்டன்ல இருக்கிற நாத்தனார் அங்க ஆஃபாயில் சாப்பிடலாம்னு சொல்லியிருக்காங்களாம்

உங்கள் நாத்தனார் சொல்வது அந்த ஊருக்குச் சரி. பிரிட்டனில் 2017 அக்டோபரில் உணவுத் தர நிர்ணய முகமை, ஓட்டில் சிங்க முத்திரை குத்திய முட்டைகளைக் கர்ப்பிணிகள் அரைவேக்காடாகவும் சாப்பிடலாம் என்று ஆலோசனையை மாற்றியது. அந்த முட்டை போடும் கோழிகளுக்குச் சால்மொனெல்லா தடுப்பூசி போட்டு, பண்ணையிலிருந்து பின்தொடர்ந்து கண்காணிக்கிறார்கள். முத்திரை இல்லாத முட்டைக்கும் வாத்து முட்டைக்கும் அங்கேயும் அனுமதி கிடையாது. நம் பெட்டிக்கடையில் அட்டையில் அடுக்கி வெயிலில் நிற்கும் முட்டைக்கு அந்த ஏற்பாடு எதுவும் இல்லை, அதனால் இங்கே அந்த ஆலோசனை செல்லாது.

நான் முட்டை சாப்பிட்டா குழந்தைக்கு அலர்ஜி வருமா?

வராது. தாய் முட்டையைத் தவிர்ப்பதால் குழந்தைக்கு ஒவ்வாமை வராமல் தடுக்க முடியும் என்பதும் நிரூபிக்கப்படவில்லை. உங்களுக்கே ஒவ்வாமை இருந்தால் மட்டும் தொடாதீர்கள்.

பறவைக் காய்ச்சல் செய்தி வரும்போது?

அப்போதும் நன்றாக வேகவைத்த முட்டையைச் சாப்பிடலாம், 70 டிகிரி சூட்டில் அந்த வைரஸ் செத்துவிடும். நோய் பரவிய ஊரிலேயே இருந்தால் கோழிக்கொட்டகைப் பக்கம் நீங்கள் போக வேண்டாம், முட்டை பொறுக்கும் வேலையை வேறு யாரிடமாவது விடுங்கள்.

எங்க வீட்ல சைவம். எனக்கு மட்டும் முட்டை ஆசை வந்திருக்கு, சொல்லவே கூச்சமா இருக்கு

கூச்சப்பட ஒன்றுமில்லை. சாப்பிடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம், உங்கள் மனசாட்சி. சாப்பிட முடிவெடுத்தால், வெளியே போய் ஒளிந்து சாப்பிடும்போது கிடைத்த கடையில் கிடைத்தபடி சாப்பிட நேரும், அதுதான் எனக்குக் கவலை. கணவரிடம் சொல்லி, ஒரு தனிப் பாத்திரமும் மின்சாரத்தில் முட்டை வேகவைக்கும் சின்னக் கருவியும் வாங்கி வைத்துக்கொண்டால் அடுப்படியில் யாரையும் சங்கடப்படுத்தாமல் அறையிலேயே வேகவைத்துக்கொள்ளலாம். வேண்டாம் என்று முடிவெடுத்தால் புரதத்துக்குப் பன்னீர், தயிர், சுண்டல், நிலக்கடலை, சோயா இருக்கிறது. பி12 மட்டும் பயறு வகைகளில் கிடைக்காது. பாலும் தயிரும் ஓரளவு தரும், போதுமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வாய் ருசிக்குக் கறுப்பு உப்பு தூவிய பன்னீர் பொடிமாஸ் செய்து பாருங்கள், அந்த உப்பிலும் கந்தக வாசனை இருப்பதால் முட்டை மாதிரியே மணக்கும். அளவோடு, உப்பு உப்புதான்.

குழந்தை பிறந்ததும் ஆஃபாயில் சாப்பிடலாமா?

சால்மொனெல்லா சாதாரணமாகத் தாய்ப்பால் வழியாகப் போவதில்லை, அதனால் கர்ப்ப காலத்துக் கண்டிப்பு அவ்வளவு தேவையில்லை. ஆனால் உங்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் பச்சிளம் குழந்தையைத் தூக்கும் அதே கையால் கிருமி அதற்குப் போகும், பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கு அது கடுமையாக இருக்கும். நான் கேட்பவர்களிடம் முதல் மூன்று மாதமாவது ஃபுல்பாயிலோடு நிற்கச் சொல்கிறேன்.